வீட்ட போவம்

ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' (2017) பார்த்த பிறகுதான் எங்களுக்கும் ஆவணப்பட ஆசை வந்தது. 1983இல் ஐந்து வயதில் கொழும்பிலிருந்து ரயிலில் வடக்குக்குத் தப்பிவந்தவர், கமெராவோடு அந்தப் பாதைக்கே திரும்புகிறார். நாங்களும் ஒருவரைத் திரும்பக் கூட்டிப்போவோம் என்று நினைத்தோம்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கு ஊர் மயிலிட்டி. 1990 ஜூனில் இடம்பெயர்ந்தவ. துறைமுகத்தை அண்டிய காணிகள் 2017 ஜூலையில்தான், 27 வருடத்துக்குப் பிறகு, விடுவிக்கப்பட்டன.

நாங்கள் போனபோது வளவில் வீடு இல்லை. கிணறும் குசினித் தரையில் ஒரு துண்டும்தான் மிச்சம். அம்மம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, இல்லாத வாசலால் உள்ளே போனா. அழுவா என்று கமெராவைக் கிட்டக் கொண்டுபோனோம். அவ அழவில்லை. "கிணத்தடியில முருங்கை ஒண்டு நிண்டது" என்று மட்டும் சொன்னா.

பொழுதுபட, "சரி பிள்ளையள், வீட்ட போவம்" என்றா. அவ சொன்ன வீடு மல்லாகத்தில் இருக்கிற தகரக் கொட்டில். இடம்பெயர்ந்தோர் முகாம்.

படத்துக்கு நாங்கள் வைத்திருந்த தலைப்பு 'வீடு திரும்பல்'. அந்த வசனத்தை வெட்டுவதா விடுவதா என்று மூன்று நாள் சண்டை பிடித்தோம். முகாமை வீடென்று சொல்லிவிட்டா, இனிக் காணி எதுக்கு என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஆனால் அங்கேதான் அவ பிள்ளைகளை வளர்த்தவ, புருஷனைப் பறிகொடுத்தவ. அதைச் சொன்னதால் மயிலிட்டிக் கிணறு அவவுடையது இல்லை என்றாகிவிடாது.

வசனத்தை வைத்துக்கொண்டு தலைப்பை வெட்டினோம். படத்துக்கு இன்னும் பெயர் இல்லை.