அலை முறியும் இடம்

பெருமுக்கல் கடலோர ஊர் அல்ல. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், சமவெளியில் திடீரென்று எழும்பும் ஒரு பாறைக்குன்று. குன்றின் மேல் கோயில். குகையொன்றில் மிகப் பழைய கீறல் உருவங்கள். 1760இல் கூட் என்ற வெள்ளைத் தளபதி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டையின் மிச்சம். சுற்றிலும் கல் குவாரிகள். கடல் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் ஒருவன் வளர இந்தத் தூரம் போதும். உப்பும் கருவாடும் எங்கள் தெருவுக்கு வந்து சேரும். கடல் வராது.

நாற்பதைத் தாண்டிய பிறகு நான் கயாக்கில் அலை ஏறக் கற்றுக்கொண்டேன். எங்கள் மாவட்டத்தின் தென்கிழக்கு விளிம்பில், புதுச்சேரியை ஒட்டியிருக்கும் தந்திராயன்குப்பம் கரையில். அதை இப்போது செரினிட்டி பீச் என்கிறார்கள். குப்பத்தின் பெயரைவிட அது விற்பதற்குத் தோதாக இருக்கிறது போலும்.

இதை ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்கலாம். நம் புதுக்கவிதையில் அலை அடிக்கடி வருகிறது. ஆனால் பெரும்பாலும் வேறொன்றின் பெயராக. காலம், ஆசை, நினைவு, மரணம் என்று எதை வேண்டுமானாலும் அது சுமக்கும். கவிஞன் மணலில் நின்றுகொண்டு பார்க்கிறான். கால் விரல்கள் மட்டும் நனைகின்றன. இடுப்பளவு நீருக்குள் போனவனுக்கு இந்தப் படிமங்களில் ஒன்றுகூட உதவாது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான எடை கொண்டது என்ற தகவல் உதவும். ஜோ டி குருஸின் ‘ஆழிசூழ் உலகு’ 2004இல் வந்தபோது அதை நாம் வட்டார மொழிக்காகக் கொண்டாடினோம். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, கட்டுமரம் உடைந்து நடுக்கடலில் தத்தளிக்கும் மனிதர்களைச் சுற்றியிருக்கும் நீருக்கு எடை இருந்ததுதான். எடையுள்ள கடல் தமிழில் குறைவு.

அலை முறிவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆழத்தில் எழுந்து தாழ்ந்துகொண்டு மட்டும் இருக்கும் நீர், தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழமே மிஞ்சும் இடத்துக்கு வந்ததும், அடி தடுக்கி முன்னால் விழுகிறது. ஒரு மீட்டர் அலை மார்பளவு நீரில் முறியும். அதைத் தாண்டி வெளியே போவது பெரும்பாலும் காத்திருக்கும் வேலை. அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று அடங்கும். கரையில் நின்று அதைக் கவனித்துவிட்டு, அடங்கும்போது இறங்க வேண்டும். படகின் மூக்கு அலைக்கு நேராக இருக்க வேண்டும். துடுப்பு நிற்கக் கூடாது.

கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் திரும்பி வருவதில் இருக்கிறது. அலை படகைத் தூக்கித் தன்னோடு ஓடவிட்டு, சில நொடிகளில் பக்கவாட்டில் திருப்பிவிடும். அப்போது உடம்பு கரைப்பக்கம் சாயப் பார்க்கும். துரத்துவதிலிருந்து விலகு என்பது உடம்பின் பழைய புத்தி. அப்படிச் சாய்ந்தால் கரைப்பக்க விளிம்பு நீரில் குத்தி, யோசிப்பதற்குள் படகு கவிழும். சாய வேண்டியது அலையின் பக்கம். துரத்தி வருகிற நுரைச்சுவரின் மேலேயே துடுப்பை வைத்து, அதன் மேல் எடையைப் போட வேண்டும். அது தாங்குகிறது. எனக்குச் சொல்லித் தந்தவன் குப்பத்துப் பையன், இருபது வயதிருக்கும். விளக்கமெல்லாம் கிடையாது. “அலை மேல சாயுங்கண்ணா, அலை மேல” என்று நீருக்குள் நின்று கத்துவான். இருபதாவது தடவையோ முப்பதாவது தடவையோ, உடம்பு தன் புத்தியை விட்டுவிட்டு அவன் சொன்னதைக் கேட்டது.

கயாக் ஆர்க்டிக் பிரதேசத்து வேட்டைக்காரர்களின் படகு. சீல் தோலால் மூடி, ஒரு சொட்டு நீர் உள்ளே வராதபடி செய்தது. அந்தக் குளிரில் நனைவது சாவு. நான் ஓட்டுவது அந்த ஜாதி இல்லை; மேலே உட்காரும் பிளாஸ்டிக் கயாக். அதில் ஓட்டைகள் உண்டு, வந்த நீர் வந்த வழியே வடிந்துபோகும். அதாவது பெயர்தான் கயாக், குணத்தில் அது கட்டுமரத்துக்கு உறவு. கட்டுமரம் நீரைத் தடுப்பதில்லை, தன் வழியாகப் போகவிடுகிறது. மூழ்குவதற்கு அதில் உள்ளே என்று ஒன்று இல்லை. டாம்ப்பியர் 1697இல் வெளியிட்ட பிரயாண நூலிலேயே அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. துறைமுகம் வருவதற்கு முன்பு சென்னையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் அலை தாண்டிக் கரை சேர்ந்தார்கள். ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள். தரையில் மோதினால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். விழுந்தவர்களைத் தூக்கக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். அலையில் ஒருவர் இன்னொருவருக்காகப் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

சர்ஃப் பலகைக்காரர்களிடம் ஒரு விதி உண்டு. அலை முறியத் தொடங்கும் முனைக்கு மிக அருகில் இருப்பவனுக்கே அந்த அலை. ஒருவன் ஏறிவிட்ட அலையில் அவனுக்கு முன்னால் புகக் கூடாது. வெளியே போகிறவன், ஓடி வருகிறவனின் வழியில் நிற்காமல், தனக்குச் சிரமமானாலும் நுரைப்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். பலகையைக் கைவிட்டுத் தப்பக் கூடாது. அது பின்னால் இருப்பவன் மண்டையில்தான் போய் இறங்கும். எளிய விதிகள். ஆனால் இவற்றின் பேரில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1966இல் உலகச் சாம்பியனான ஆஸ்திரேலியர் நாட் யங், 2000இல் ஆங்கௌரி என்ற தன் ஊர்க் கரையில் அலைத் தகராறு ஒன்றில் முகத்தின் எலும்புகள் நொறுங்க அடிபட்டார். பிறகு அந்த வன்முறையைப் பற்றியே ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அலையை யாரும் சம்பாதிப்பதில்லை, சேர்த்து வைக்க முடியாது, பத்து நொடியில் அது இல்லை. அதற்கும் சொத்துத் தகராறு.

இந்த விதியில் கயாக் வந்து நுழைந்ததும் ஒரு விசேஷம் நடக்கிறது. பலகைக்காரன் கைகளால் நீந்தித்தான் வேகம் சேர்க்க வேண்டும். அலை செங்குத்தாகும் இடம்வரை காத்திருந்தே ஏற முடியும். உட்கார்ந்திருக்கும் எனக்கு இரட்டைத் துடுப்பு இருக்கிறது. அலை இன்னும் வெறும் மேடாக இருக்கும்போதே, அவனுக்கு வெகு தொலைவு பின்னாலிருந்து ஏறிவிடலாம். ஏற்கெனவே ஏறியவன் நான், ஆகவே அலை எனக்கு. விதியில் ஓர் எழுத்தைக்கூட மீறாமல், ஒரு காலைப்பொழுதின் எல்லா அலைகளையும் நான் எடுத்துக்கொள்ளலாம். போதாததற்கு, என் படகு அவன் பலகையைப் போல மூன்று நான்கு மடங்கு கனம். சமமற்றவர்களுக்குச் சமமான விதி என்ன செய்யும் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கயாக்காரனுக்கு எழுதப்படாத விதி வேறு. ஓர் அலை எடுத்தால் சிலவற்றை விட வேண்டும். எடுக்க முடிகிற அலையை, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் கடந்துபோக விடுவது ஆரம்பத்தில் கை அரிக்கிற காரியம். கூட்டமிருந்தால் நூறு மீட்டர் தள்ளி, யாரும் விரும்பாத சொத்தை அலைக்குப் போய்விடுவது இன்னும் நல்லது. துடுப்பு உள்ளவனுக்கு அந்த நூறு மீட்டர் பெரிதல்ல. படகுக்கும் கரைக்கும் நடுவில் தானும் நிற்கக் கூடாது, வேறு யாரையும் நிற்கவிடக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி ஓடும் படகுக்கு எதிரில் ஒரு தலை தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கவிழ்ந்துவிடுவது. தானாகக் கவிழ்ந்து, படகைப் பிடித்தபடி நீருக்குள் தொங்கினால், அந்த உடம்பே நங்கூரமாகி வேகத்தை இழுத்துப் பிடிக்கும். கயாக்குக்கு வேறு பிரேக் கிடையாது.

இதுவரை சொன்னது விளையாடுகிறவர்களுக்குள் உள்ள விவகாரம். தந்திராயன்குப்பத்தில் மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டன. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதைத் தடுக்க, வடக்கே கரை தேய்ந்தது. நகரத்துக் கடற்கரை போயிற்று. அதைக் காக்கக் கல் கொட்டினார்கள், அதற்கு வடக்கே குப்பங்கள் தேய்ந்தன, அங்கும் கல். நகரத்துக்கு நேரே மணலை மீட்க 2018இல் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்தார்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து கல் லாரிகள் கிழக்கே போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கே போகின்றன என்று கேட்கத் தோன்றியதில்லை.

கல் வரிசைக்குத் தெற்கே கொஞ்சம் மணல் ஒதுங்கி நிற்கும். மணல் மேடிட்ட இடத்தில் அலை ஒழுங்காக முறியும். பலகைக்காரர்கள் அதைத் தேடி வருகிறார்கள். படகு ஏற்ற மீனவனுக்கும் மிஞ்சியிருப்பது அதே மணல்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் வெகுவாகக் குறைந்து கண்ணாடி இழைப் படகுகள் பெருகிவிட்டன. எஞ்சின் வைத்த அந்தப் படகு ஓர் அலையின் முதுகில் ஏறி, முழு வேகத்தில் கரைக்கு வந்து, கடைசி நொடியில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மணலில் பாயும். நடுவில் நிற்கவோ திரும்பவோ அதனால் ஆகாது. தயங்கினால் பின்னால் வரும் அலை கவிழ்த்துவிடும். வலையும் மீனும் எஞ்சினும் போய்விடும். முனைக்கு அருகில் யார், முதலில் ஏறியது யார் என்ற கேள்விகள் அங்கே பொருளற்றவை. நான் பார்த்த சர்ஃப் விதிகள் எதிலும் இந்தப் படகுக்கு ஒரு வரி இல்லை. அவை உழைப்பு நடக்காத கடற்கரைகளில் யோசிக்கப்பட்டவை.

கோவளத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே சர்ஃப் பழகியவர்களில் பலர் மீனவ வீட்டுப் பிள்ளைகள். 2013இலிருந்து விழாவே நடத்தினார்கள். படகு வரும் சத்தம் அந்தப் பையன்களுக்குப் பிறவியிலேயே தெரியும். பெருமுக்கல்காரனுக்குத் தெரியாது, பெங்களூரிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்குகிறவனுக்கும் தெரியாது. நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வலை சீராக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: “எஞ்சின் சத்தம் மாறும் தம்பி. அலைக்கு உள்ள வரும்போது அழுத்திக் கொடுப்பான். அதைக் கேட்டா அந்தாண்ட போயிடு. எந்தாண்டன்னு யோசிக்காத, கல்லு பக்கம் மட்டும் போவாத.”

வாடைக்காற்று மாதங்களில் கடல் கலங்கலாக இருக்கும், படகுகள் குறைவு, பலகைகளும் குறைவு. மற்ற நாட்களில் காலை ஏழு, ஏழரைக்குப் படகுகள் திரும்பத் தொடங்கும். அதற்கு முன்பே கயாக்கை மணலில் ஏற்றிவிடுகிறேன். பலகைக்காரர்கள் அப்போதும் நீரில்தான் இருக்கிறார்கள். நல்ல அலை அந்த நேரத்தில்தான் வருகிறது.