ஸ்டாண்ட்பை வண்டி

எங்கள் வீட்டு வாசலில் சில வருடங்கள் மூன்று பைக் நின்றன. வீட்டில் பைக் ஓட்டுபவன் நான் ஒருவன்தான். "எதுக்குங்க மூணு?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு வேணும்ல? ஸ்டாண்ட்பை."

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்ரசர், ஜெனரேட்டர், பம்ப் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருக்கிறேன். அதனால் அந்தச் சொல் என் வாயில் இயல்பாக வரும். கேட்பவர்களுக்கும் அதற்குள் ஏதோ பெரிய கணக்கு இருப்பதாகத் தோன்றிவிடும். உண்மையான காரணம் வேறு. வீட்டில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பாருங்கள். ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். இடையிடையே புகுந்து பைக்குகள். கேட்டைத் தாண்டிவிட்டால் எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, ஒரே மாதிரி ஷூ, கழுத்தில் கார்டு. யாருடைய சட்டை என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வண்டி ஸ்டாண்டு ஒன்றுதான் விதிவிலக்கு. அங்கே நிற்பது மட்டும் அவனவன் காசில், அவனவன் பிடித்து வாங்கியது. அதனால்தான் பேர் தெரியாத ஆளைக்கூட "அந்தச் சிவப்பு பல்சர்காரர்" என்று வண்டியை வைத்துச் சொல்கிறோம். நேற்று ஒரு வண்டி, இன்று வேறொன்று என்று வருகிறவனைச் செக்யூரிட்டி ஒரு விநாடி கூடுதலாகப் பார்ப்பார். அந்த ஒரு விநாடிக்கு நான் ஆசைப்பட்டேன். அது நன்றாகவும் இருந்தது.

ஊரும் சும்மா இருக்க விடாது. இந்தியாவில் முதலில் திருவொற்றியூரில் தயாரிப்பைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் வந்தது. அதற்கு நடுவில், 2015-இல், யமஹாவும் வல்லம் வடகாலில் தொழிற்சாலையைத் திறந்துவிட்டது. கன்டெய்னர் லாரிகள் புது வண்டிகளை ஏற்றிக்கொண்டு நம் முன்னாலேயே போகும். பந்தய நாளில் இருங்காட்டுக்கோட்டை டிராக் பக்கம் போனால் இன்ஜின் சத்தம் ஹைவே வரை கேட்கும். ஒரு காலத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்த பந்தயங்களுக்கென்று 1990-இல் திறந்த தடம் அது. வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போனால் வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக ஒரு புது வண்டி. இந்த ஊரில் வண்டி ஆசையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

என் மூன்று வண்டிகளுக்கும் மூன்று கதை. தினசரி வேலைக்கு ஒரு ஸ்பிளெண்டர். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அதன் பெருமை. இரண்டாவது, சம்பளம் உயர்ந்தபோது கடனில் வாங்கிய புல்லட். மூன்றாவது, கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட்டுப் பழையதாக வாங்கிய ஆர்.எக்ஸ். 100. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. 98 சி.சி. டூ-ஸ்ட்ரோக், நூறு கிலோவை ஒட்டிய எடை. கிளட்சை விட்டதும் அது கிளம்பும் விதத்துக்கு இன்றும் சந்தையில் மவுசு குறையவில்லை.

மூன்று வண்டி என்றால் மூன்று மடங்கு பெட்ரோல் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே ஓட்ட முடியும்? கூடுவது காகிதம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை 714 ரூபாய், 350 வரை 1,366 ரூபாய். என் மூன்றுக்குமாக, வரி தனியாக, வருடத்துக்கு 2,794. பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கொரு முறை புகைச் சான்று. பதினைந்து வருடம் தாண்டினால் ஐந்து வருடத்துக்கொரு முறை ஆர்.சி. புதுப்பிப்பு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவை வந்துகொண்டே இருக்கும். இந்தக் காகிதங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. உரிமையாளருக்கான பதினைந்து லட்ச ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீட்டை 2019-இலிருந்து தனி பாலிசியாக எடுக்கலாம். எத்தனை வண்டி இருந்தாலும் அது ஒன்று போதும். மற்றக் காகிதமெல்லாம் வண்டியை எண்ணுகிறது. இது மட்டும் ஆளை எண்ணுகிறது.

மழைக்காலத்தில் ஒரு வாரம் எனக்கு நைட் ஷிப்ட். ஸ்பிளெண்டர் கிளட்ச் பிளேட் மாற்ற மெக்கானிக்கிடம் நின்றது. கவலையே படவில்லை, வாசலில்தான் ஸ்டாண்ட்பை இரண்டு இருக்கிறதே! புல்லட் செல்ஃபை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி டவுன். ஆர்.எக்ஸ்.-ஐ வியர்க்க வியர்க்க உதைத்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி உதைத்தேன். அசையவில்லை. கம்பெனி பஸ்ஸும் போய்விட்டிருந்தது. கடைசியில் மாடி ரூம் பையன்களில் ஒருவன் கீழே வந்து, "ஏறுங்கண்ணா, விட்டுட்டு வரேன்" என்றான்.

அந்த ரூமில் நான்கு பேர். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன்கள். எல்லாரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பழைய 100 சி.சி. வண்டி. பெரும்பாலான நாட்களில், காலை ஷிப்டுக்கு அதில் போனவன், இரண்டு மணிக்கு கேட்டில் சாவியை மதிய ஷிப்டுக்கு பஸ்ஸில் வந்தவனிடம் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடுவான். வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். இரவு பத்து மணிக்கு மற்றவன் அதில் வருவான். பெட்ரோல் போட்டது யார், எத்தனை கிலோமீட்டர், ஆயில் எப்போது மாற்றியது எல்லாம் கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் தாளில் பேனாவால் எழுதியிருந்தது. லைசென்ஸ் இல்லாதவனுக்குச் சாவி கிடையாது. அப்படிக் கொடுத்தால் வண்டிக்காரனுக்கே 5,000 ரூபாய் அபராதம் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

பின்சீட்டில் உட்கார்ந்து போகும்போது அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டேன். செயின் சத்தம் இல்லை, டேப்பட் சத்தம் இல்லை. ஒரு ஆளுக்கு மூன்று வண்டி வைத்திருந்த என் வீட்டில் ஒன்றுகூட ஓடவில்லை. நான்கு ஆளுக்கு ஒன்றாக இருந்த வண்டி ஊசி மாதிரி ஓடியது.

இதில் எந்த வண்டி மேலும் குற்றம் இல்லை. ஓடாத இன்ஜினுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நான் வேறு யாரையும் கேட்க வேண்டியதும் இல்லை. கம்பெனியில் தீயணைப்புக்கென்று ஒரு டீசல் பம்ப் இருக்கிறது. தீப்பிடித்தால்தான் அதற்கு வேலை. ஆனால் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் அதை ஓட்டியே ஆகவேண்டும். பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி அது. ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு உடனே அணைத்துவிடக் கூடாது. இன்ஜின் முழுச்சூடு ஏறினால்தான் உள்ளே படிந்த ஈரம் வெளியேறும். கம்ப்ரசரும் அப்படித்தான். இரண்டு இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டி, ஓடிய மணிக்கணக்கை லாக் புக்கில் எழுதுகிறோம். மாற்றி ஓட்டாத இயந்திரத்தை நாங்கள் ஸ்டாண்ட்பை என்று எழுதுவதில்லை.

பைக்குக்கும் இதுதான் கணக்கு. பேட்டரி சும்மா இருந்தாலே மெல்ல இறங்கும். இப்போதைய வண்டிகளில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் நிற்கும்போதும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்து ஜெட்டை அடைக்கும். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நின்றுபோன பழைய வண்டிக்கு அதுவே பகை. ஒரே இடத்தில் நிற்கிற டயர் காற்று இறங்கி ஒரு பக்கம் அமுங்கும், செயின் துருப்பிடிக்கும், ஒயரை எலி கடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றபடியே ஸ்டார்ட் செய்து இரண்டு முறை முறுக்கிவிட்டு அணைப்பவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். அதனால் லாபமில்லை, நஷ்டம்தான். செல்ஃப் எடுத்த கரண்டை அந்த இரண்டு நிமிடம் திருப்பித் தராது, இன்ஜினும் சூடாகாது.

அந்த வாரம் வார விடுமுறையன்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஆறு நாள் ஷிப்ட், அதற்கு ஸ்பிளெண்டர். மிச்சம் ஒரு நாள். அன்றுதான் ரேஷன், மார்க்கெட், மாமனார் வீடு, தூக்கம் எல்லாம். நடுவில் உருவினால் ஒரு அரை மணி நேரம் கிடைக்கும். என் வாழ்க்கையில் இரண்டாவது வண்டிக்கு இடம் இருக்கிறது, மூன்றாவதற்கு இல்லை. இதில் பணக் கணக்கே வரவில்லை.

எதை வைத்துக்கொள்வது? ஸ்டாண்ட்பை என்று வீட்டில் சொன்ன நியாயப்படி பார்த்தால் புதிய வண்டியைத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் இன்னொரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: யாரும் பார்க்காத நேரத்தில் எந்த வண்டியை எடுப்பேன்? புல்லட்டை நான் கம்பெனி வண்டி ஸ்டாண்டுக்காக வாங்கினேன். வார விடுமுறையில் ஆளில்லாத ரோட்டில் அதை எடுத்ததாக நினைவே இல்லை. ஆர்.எக்ஸ்.-ஐ எடுத்தால் காரணமே இல்லாமல் வாலாஜாபாத் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். காரணம் இல்லாமல் ஓடுகிற வண்டிதான் வாராவாரம் ஓடும். புல்லட்டைக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் அதில் நீண்ட தூரம் போகிறவர். அதற்கேற்ற கையில்தான் சேர்ந்தது.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, "இனிமே ஓட்டிக்கிட்டே இருங்கண்ணே, அவ்வளவுதான் வைத்தியம்" என்றார். வாரம் ஒரு முறை ஓடுகிறது. அதன் பிறகு ஸ்பிளெண்டர் நின்ற நாட்களில் வேலைக்கும் வந்து உதவியிருக்கிறது. இத்தனை வருடம் நான் நியாயமாகச் சொன்ன காரணம் ஒரு வண்டியையும் உயிரோடு வைத்திருக்கவில்லை. வெளியே சொல்லக் கூச்சப்பட்ட ஆசைதான் ஒன்றைக் காப்பாற்றியது. அந்த ஆசையிலும் இரண்டு வகை இருக்கிறது என்பதை விற்கும்போதுதான் பிரித்துப் பார்த்தேன்: ஓட்டுகிற ஆசை ஒன்று, பார்க்கப்படுகிற ஆசை இன்னொன்று. முன்னது வண்டியை ஓட வைக்கும். பின்னதற்கு வண்டி நின்றாலே போதும்.

ஒரே வண்டி போதும் என்று யாருக்கும் நான் உபதேசம் செய்ய மாட்டேன். மாடிப் பையன்கள் ஒன்றோடு இருப்பது கொள்கையால் இல்லை. இரண்டாவது வாங்கக் காசில்லை. கிடைத்தால் வாங்குவார்கள், வாங்கட்டும். கம்பெனியில் இளைஞர்கள் இன்னொரு வண்டி எடுக்கலாமா என்று இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். மைலேஜும் விலையும் அவர்களுக்கே தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: அது எந்தக் கிழமை ஓடும்? கிழமை சொல்ல முடிந்தால் தாராளமாக வாங்கு என்பேன். "தேவைப்படும்போது ஓட்டுவேண்ணா" என்று பதில் வந்தால், அந்தப் பணத்தில் ஓடுகிற வண்டிக்கு நல்ல டயர் இரண்டு போடு என்று சொல்லி அனுப்புகிறேன்.