குண்டூசி குத்துமுன்...

நோட்டீஸ் போர்டு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி, அபராதத்துடன் கட்டக் கடைசித் தேதி, பஸ் பாஸ் வந்துவிட்டது, அரியர் வைத்தவர்கள் பட்டியல்... இவ்வளவுதானே! ஆனால் நம் பாலிடெக்னிக்கில் ஒர்க் ஷாப்புக்குப் போகும் வராந்தாவில், குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்குகிறதே, அது ஆபீஸ் பலகை இல்லை. அது நம்முடையது. "சுவர் ஏடு" என்று தெர்மோகோலில் வெட்டி ஒட்டியிருந்தோம். 'ஏ'யின் கால் விழுந்துபோய் இப்போது "சுவர் எடு" என்று இருக்கிறது. எடுக்கத்தான் பார்த்தார்கள் ஒருமுறை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, கால் தாள் அளவில் ஒரு சீட்டு பலகையில் இருந்தது. இரண்டே வரி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரையும், கூடப் படிக்கும் ஒரு மாணவரையும் இணைத்து, ஊர்ப் பெயர், பஸ் நம்பர் எல்லாம் போட்டு எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. மொட்டைக் கடிதம்! பத்தரை மணி இடைவேளைக்குள் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலத்துக்குள் அந்தப் பஸ் போகிற ஊர் வரைக்கும் போய்விட்டது.

அந்தப் பெண் அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டியவர். அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. மேடம் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பேசி அழைத்து வருவதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. வருகைப் பதிவு குறைந்ததால் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியவில்லை. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தச் சீட்டில் இருந்தது பொய் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டினார்கள். சாவி ஆபீசுக்குப் போய்விட்டது. திரும்பத் தரச் சொல்லி மாணவர் பேரவை கேட்டபோது வந்த பதில்: "முதல்ல ரூல்ஸ் எழுதிட்டு வாங்க." அதற்காக அமைந்த ஐந்து பேர் குழுவில் நானும் ஒருவன்.

ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்தோம். முதல் விதியிலேயே மூன்று நாள் சண்டை! "பெயர், ஆண்டு, பிரிவு இல்லாமல் எதையும் குத்தக் கூடாது" என்பதுதான் அது. "பேர் போட்டு ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதினா, அப்புறம் இன்டர்னல் மார்க் யார் போடுவா? உங்க பேரவைத் தலைவரா?" என்று கேட்டார் சிவில் பிரிவு அண்ணன் ஒருவர். நியாயமான கேள்வி. பலம் இல்லாதவனுக்குப் பெயரை மறைப்பதுதான் கேடயம். ஆனால் அந்த இரண்டாம் ஆண்டு மாணவியின் கையில் என்ன கேடயம் இருந்தது? மறைந்து நின்று கல் எறிகிறவனும் பெயரைத்தானே மறைக்கிறான்!

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். சாப்பாடு, தண்ணீர், பஸ், லேப் பற்றிய குறை என்றால் குழுவிடம் சொல்லலாம். குழுவில் உள்ள ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு வெளியிடுவோம். மார்க் போனால் ஐந்து பேருக்கும் போகட்டும். ஒரு தனி மனிதரைப் பற்றிய குறை என்றால் பலகையில் இடமே கிடையாது. அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் துறைத் தலைவரிடம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தோம். நம் நாட்டில் அச்சடித்த தாளில் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்ற விதி 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. தேர்தல் நோட்டீசுக்கும் போஸ்டருக்கும் தனியாக மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு இருக்கிறது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1991, 1996 தேர்தல்களில் தமிழ்நாடே திரும்பிப் பார்த்த தொகுதி நம் பர்கூர். போஸ்டரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிரிவில் ஒரு வேடிக்கை: கையால் பிரதி எடுப்பதை அது அச்சாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆக, நம் பலகை மாதிரி கையெழுத்துத் தாளுக்கு அந்தச் சட்டம் வராது. நாமே போட்டுக்கொண்டால்தான் உண்டு.

பெயர் போட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1940களில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தினார். ஒளிந்துகொண்டு எழுதியவர் இல்லை. அவர்தான் ஆசிரியர் என்பது ஊருக்கே தெரியும். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் சரக்கு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள்; மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி, 1945ல் ஆயுள் தண்டனை பெற்று, 1947ல்தான் விடுதலையானார்கள். பாகவதருக்கு அதன்பின் பழைய புகழ் திரும்பவே இல்லை. எழுதியவரும் போனார், எழுதப்பட்டவர்களும் நொந்தார்கள், காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் மட்டும் சௌக்கியம்! "அடுத்தவர் வீட்டு விஷயம் உண்மையானாலும் பலகைக்கு வராது" என்ற இரண்டாவது விதி இந்தக் கதையைப் பேசியதில் பிறந்தது.

மூன்றாவது, மொழி. நம் வகுப்பில் ஜெகதேவியிலிருந்து வருகிறவன் தமிழ், வேப்பனப்பள்ளிக்காரன் வீட்டில் தெலுங்கு, தளியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவன் கன்னடம், பர்கூர் துணிக்கடைத் தெருப் பையன் உருது. எந்த மொழியிலும் எழுதலாம், பக்கத்தில் தமிழில் நாலு வரி சுருக்கம் இருந்தால் போதும் என்றோம். எந்த மொழிக்காரரையும், அவர்கள் கொண்டாடும் நடிகரையும் கேலி செய்து எழுதக் கூடாது என்றும் சேர்த்தோம். "நடிகரைக் கிண்டல் பண்றதுகூடத் தப்பா?" என்று சிரித்தார்கள்.

2016 செப்டம்பரில் நான் நாலாம் வகுப்பு. காவிரியில் தண்ணீர் விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்த நேரம். பெங்களூரில் ஒரு தமிழ் மாணவர் கன்னட நடிகர்களைக் கேலி செய்து ஏதோ எழுதிவிட்டார் என்று ஒரு கும்பல் அவரைப் பிடித்து அடித்து, மன்னிப்புக் கேட்க வைத்து, அதைப் படம் பிடித்தும் பரப்பியது. பதிலுக்குச் சென்னையில் கன்னடர் ஒருவருடைய ஓட்டல் தாக்கப்பட்டது. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்களும் லாரிகளும் எரிந்தன. நம் பக்கத்து பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றுவிட்டதால், ஜனங்கள் மூட்டையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு எல்லையை நடந்தே கடந்தார்கள். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த என் மாமாவும் அத்திப்பள்ளியிலிருந்து அப்படித்தான் நடந்து வந்தார். குற்றம் அடித்தவர்கள் மேல்தான், எழுதிய மாணவர் மேல் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சண்டையும் தண்ணீருக்காக வந்ததே தவிர நடிகருக்காக வரவில்லை. ஆனாலும் உலர்ந்த வைக்கோலுக்குப் பக்கத்தில் நின்று தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பானேன்? நம் தளி நண்பனோடு ஒரே ரூமில் தூங்கி எழுகிறவர்கள் நாம்.

இன்னொரு விதியை நான்தான் பிடிவாதமாகச் சேர்க்க வைத்தேன். முதலாண்டு மாணவர் ஒருவர், தன் அப்பா வேலை செய்யும் கிரானைட் குவாரியைப் பற்றி ஒரு கட்டுரை வைத்திருந்தார். கல்லில் வரிசையாகத் துளை போடுவது, தூசி, சாயங்காலம் காது அடைத்துப் போவது, வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்லி அப்பா சண்டை போடுவது... அந்த வருடம் பலகையில் வந்ததிலேயே சிறந்தது அதுதான் என்பேன். ஆனால் ல, ள, ழ மூன்றும் இடம் மாறி இருந்தன. யாரோ சிவப்பு மையால் ஒவ்வொரு தப்பையும் சுழித்து, கீழே "போய் ஒண்ணாங்கிளாஸ் படி" என்று எழுதிவிட்டார்கள். சத்தம் போடாமல் தாளைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு போனவர்தான், இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. நானும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். "வேணாம்ணா" என்கிறார். அதனால்: அடுத்தவர் தாளில் யாரும் பேனா வைக்கக் கூடாது. எழுத்துப்பிழை இருந்தால் எழுதியவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம். கருத்து பிடிக்கவில்லையா? வேறு தாளில், பெயர் போட்டு, பக்கத்தில் குத்துங்கள். கிழிக்காதீர்கள். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சி முந்திக்கொண்டு பெயர் எழுதி வைத்த சுவரை இன்னொரு கட்சிக்காரர் தொடமாட்டார் (பெரும்பாலும்!). அவர்களுக்கு இருக்கும் நாகரிகம் நமக்கு வேண்டாமா?

மற்றவை சில்லறை விதிகள். வாரப் பத்திரிகையிலிருந்து எடுத்த கவிதை என்றால் எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு ஃபுல்ஸ்கேப் தாள், அவ்வளவுதான். காதல் கவிதைக்கும் அதே அளவு. பத்து நாளில் எடுத்துவிட வேண்டும். சாதி கிடையாது, கட்சி கிடையாது.

சாவி இப்போது நம்மிடம்தான் இருக்கிறது. அந்த மாணவி இந்த ஆண்டு விட்டுப்போன செமஸ்டரை முடித்துவிட்டார். பலகைப் பக்கம் வருவதில்லை; ஒர்க் ஷாப்புக்குப் பின்வழியாகச் சுற்றிப் போகிறார்.

அடுத்த ஆண்டுக் குழுவுக்கு: கண்ணாடிக் கதவின் கீழ்ப்பக்கம் இடைவெளி இருக்கிறது, மழைச் சாரல் உள்ளே அடிக்கும், இங்க் பேனாவால் எழுதியது கரைந்துவிடும். கீழ் வரிசையில் வைப்பதை பால்பாயிண்ட் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். குண்டூசி அவரவர் கொண்டுவர வேண்டும்.