ஒரு சாவு, இரண்டு இழப்பு

இழப்பு மனிதர்களை ஒன்றுசேர்க்கும் என்பது இளையோர் நாவல்கள் கைவிடாத நம்பிக்கை. முன்பின் தெரியாத இரண்டு பேர் மருத்துவமனையிலோ கல்லறைத் தோட்டத்திலோ எதிர்ப்படுவார்கள். ஒருவர் துக்கம் மற்றவருக்குச் சொல்லாமலே புரிந்துவிடும். முந்நூறு பக்கம் முடிவதற்குள் தோளில் தலை சாய்ந்திருக்கும். படிக்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது ஆறுதல்தான், குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாவு நடந்த வீட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். கருமாதி முடிந்த கையோடு பங்குப் பேச்சு எழும். ஒரே தகப்பனுக்காக அழுத பிள்ளைகள் ஒரே பத்திரத்துக்காக ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். துக்கம் சேர்த்து வைக்கும், பிரித்தும் வைக்கும். அப்படியானால் அது எப்போது சேர்க்கிறது? எலிசபெத் அசெவேடோ 2020இல் வெளியிட்ட ‘கிளாப் வென் யூ லேண்ட்’ நாவலை இந்தக் கேள்வியோடு படித்தால் நேர்மையான பதில் ஒன்று கிடைக்கிறது. ஒரே ஆளை இழந்ததால் இருவர் உறவாகிவிடுவதில்லை. உன் இழப்பும் என் இழப்பும் ஒன்றல்ல என்று ஒப்புக்கொண்டு, அந்த ஏற்றத்தாழ்வுக்கு ஏதாவது செய்ய முன்வரும்போதுதான் உறவு தொடங்குகிறது.

நாவலுக்குப் பின்னால் உண்மையான விபத்து ஒன்று இருக்கிறது. 2001 நவம்பர் 12 காலை, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து டொமினிகன் குடியரசின் தலைநகர் சாந்தோ தொமிங்கோவுக்குக் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம், சில நிமிடங்களுக்குள் குயின்ஸ் பகுதியின் பெல் ஹார்பர் குடியிருப்புகள் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 260 பேரும் தரையில் இருந்த 5 பேரும் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் டொமினிகன் வம்சாவளியினர். இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து இரண்டு மாதமே ஆகியிருந்ததால், இதுவும் பயங்கரவாதமோ என்பதுதான் எல்லோருக்கும் முதல் பயம். அது இல்லை என்று தெளிவானது. முன்னால் போன பெரிய விமானம் கிளப்பிவிட்ட காற்றுச் சுழலில், துணை விமானி சுக்கான் மிதியை அளவுக்கு மீறி மாற்றி மாற்றி அழுத்தியதில் வாலின் செங்குத்துத் துடுப்பு பிய்ந்துபோனது என்று 2004இல் விசாரணை முடிவு வந்தது. விமானம் ஏன் விழுந்தது என்பதற்கு அது பதில். யார் யார் வாழ்க்கையில் எப்படி விழுந்தது என்பதை எந்த விசாரணை அறிக்கையும் எழுதுவதில்லை. நியூயார்க்கில் டொமினிகன் பெற்றோருக்குப் பிறந்த அசெவேடோ அந்த வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறார். கற்பனையாக வேறொரு விமானத்தைக் கிளப்பி, அதை அட்லாண்டிக் கடலில் விழச் செய்து, இறந்தவர்களில் ஒருவரான யானோ ரியோஸின் இரண்டு மகள்களிடம் கதையைக் கொடுத்துவிடுகிறார்.

காமினோ டொமினிகன் குடியரசின் வடகரையில் உள்ள சோசுவாவில் பெரியம்மாவோடு இருக்கிறாள். யஹைரா நியூயார்க்கில் தாயோடு இருக்கிறாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கோடை முழுக்க ஒரு வீட்டிலும் மீதி மாதங்கள் இன்னொரு வீட்டிலுமாக வாழ்ந்த அப்பா, இப்படியொரு சகோதரி இருப்பதை இருவரிடமும் மறைத்திருந்தார். கதையை இருவரும் மாறி மாறி, வசன கவிதையில், தன்மையில் சொல்கிறார்கள். இந்த ஏற்பாடுதான் நாவலின் வாதத்தைத் தாங்குகிறது. ஒரே செய்தி இரண்டு வீடுகளுக்குள் நுழைகிறது. வருடா வருடம் போலவே அப்பாவை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போன காமினோ, வருகைக் கூடத்தில் கூட்டம் கூட்டமாக அழுகிறவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். யஹைராவைப் பள்ளி அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். ஒருத்தி வரவேண்டியவருக்காகக் காத்திருந்தாள்; இன்னொருத்தி போனவரோடு ஏற்கெனவே பேச்சை நிறுத்தியிருந்தாள். சாவு ஒன்றுதான் என்றாலும் அது வெட்டிய இடங்கள் வேறு.

காமினோவின் பக்கம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வகை நாவல்கள் வழக்கமாகத் தாண்டிப்போகிற இடம் அது. அவளுடைய தாய் முன்பே டெங்குக் காய்ச்சலில் இறந்துவிட்டாள். மூலிகையும் பிரார்த்தனையுமாக ஊருக்கு வைத்தியம் பார்க்கும் பெரியம்மாவோடு சேர்ந்து பிரசவம் பார்க்கக் கற்றிருக்கிறாள். அமெரிக்காவில் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது ஆசை. அந்த ஆசைக்குக் கட்டணம் கட்டியது அப்பாவின் டாலர். பள்ளிச் சம்பளம், வீட்டு வசதி, அக்கம்பக்கத்தில் கிடைத்த மரியாதை எல்லாம் அங்கிருந்து வந்தவை. பணம் வாங்கித் தந்த இன்னொன்று அவளுக்கே தெரியாமல் இருந்தது. ஊர்ப் பெண்களைச் சுற்றுலாக்காரர்களுக்குப் பிடித்துக்கொடுக்கும் எல் செரோ என்பவன் காமினோ பக்கம் வராமலிருக்க, அப்பா அவனுக்குப் பணம் கொடுத்துவந்திருக்கிறார். அவர் இறந்த உடனே அவன் அவள் நீந்தப் போகும் கடற்கரையில் வந்து நிற்கத் தொடங்குகிறான். அவளுக்கு அப்பாவின் சாவு என்பது பள்ளிக்கூடம் கைநழுவுவது, மாலையில் தனியாக நடக்க முடியாமல் போவது. அழுவதற்கு ஒதுக்கவேண்டிய நேரத்தில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேறு வழியில்லை.

யஹைராவுக்கு வீடு இருக்கிறது, தாய் இருக்கிறாள், குடியுரிமை இருக்கிறது, பக்கத்துக் குடியிருப்பில் அன்பு காட்டும் தோழி இருக்கிறாள். இல்லாதது நிம்மதி. அப்பாவின் தாள்களுக்கு நடுவே இன்னொரு பெண்ணோடு அவர் செய்துகொண்ட திருமணத்தின் சான்றிதழைப் பார்த்தவள், அதை யாரிடமும் சொல்லாமல், அவருக்குப் பெருமையாக இருந்த சதுரங்க ஆட்டத்தை விட்டுவிட்டு, அவரோடு பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். கோபம் தணிவதற்குள் கோபப்பட ஆள் இல்லாமல் போனது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த நாவலில் இருவருக்கும் வந்திருக்கிறது, ஆனால் ஒருத்திக்குத் தலைவலி, மற்றவளுக்குக் காய்ச்சல். காமினோவிடம் கடைசிவரை நேசித்த அப்பாவின் நினைவாவது பழுதில்லாமல் இருந்தது. அதையும் சாவுக்குப் பிறகு வந்த உண்மை பறித்தது. யஹைராவுக்குப் பிழைப்பு கெடவில்லை, நினைவுதான் முன்பே கெட்டிருந்தது. யார் இழப்பு பெரிது என்ற தராசை அசெவேடோ தூக்குவதே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வேறுபாட்டை மட்டும் தெளிவாகக் காட்டுகிறார்.

அதனால்தான் சகோதரிகளின் முதல் பேச்சுகள் கண்ணீரில் நனைவதில்லை. விமான நிறுவனம் தரப்போகும் இழப்பீடு லட்சக்கணக்கான டாலர். சட்டப்படி அது நியூயார்க் குடும்பத்துக்குத்தான் போகும். தன் பெயர் அந்தப் பட்டியலில் வராது என்று காமினோவுக்குத் தெரியும். உடலைத் தன் மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது இறந்தவரின் விருப்பம். ஆகவே உடல் அவள் ஊருக்கு வருகிறது. ஒருத்தியிடம் பணம், ஒருத்தியிடம் கல்லறை. பணம் அனுப்பினால்தான் அடக்கம் எப்போது என்று சொல்வேன் என்று காமினோ பேரம் பேசுகிறாள். தாய்க்குத் தெரியாமல் யஹைரா டிக்கெட் எடுத்துப் பறந்துவந்து அதே வீட்டில் தங்கிய பிறகும், முகச்சாயல் ஒத்துப்போவதை நம்பி அவளுடைய பாஸ்போர்ட்டையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு ராத்திரியில் கிளம்பிவிடுகிறாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று பார்த்து உருகும் காட்சியை எந்த எழுத்தாளரும் எழுதிவிடலாம். அதே முகச்சாயலை ஒரு திருட்டுக்குப் பயன்படும் பொருளாக்கியதில் இருக்கிறது அசெவேடோவின் துணிச்சல். இருவருக்கும் ஒரே முகம், ஒரே அப்பா. பாஸ்போர்ட் மட்டும் ஒருத்தியிடம்.

இப்படிப் படிப்பது துக்கத்தை வரவு செலவாகச் சுருக்குவது ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கைப் பற்றிப் பேசாமலிருக்கும் சலுகை யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வாடகைக்கும் கட்டணத்துக்கும் ஆபத்து இல்லாதவர்தான் துக்கத்தைத் துக்கமாக மட்டும் அனுபவிக்க முடியும். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் வெளிவந்த நூலில், ஊரார் முன் அழ உரிமை மறுக்கப்பட்டவர்களின் துக்கத்துக்குத் தனிப் பெயரே கொடுத்தார். வெளியே சொல்ல முடியாத உறவுகளில் இருந்தவர்களின் துக்கம் அதில் முக்கியமான வகை. காமினோ அந்த வகை மகள். சட்டத்தின் கண்ணில் வாரிசும் இல்லை, துக்கக்காரியும் இல்லை. அவளுக்கு ஒரு பங்கு உண்டு என்று சொல்வது, நீயும் மகள்தான் என்று சொல்வதன் இன்னொரு பெயர். பணம் இங்கே அன்புக்கு எதிரி அல்ல. அன்பு வாய்ப்பேச்சோடு நின்றுவிட்டதா என்று சோதிக்கும் உரைகல்.

இன்னொரு ஆட்சேபம்: இவர்கள் அன்னியர்களே அல்ல, ரத்த உறவு; ஆகவே அன்னியர் உறவாவதற்கு இது சான்றாகுமா? ரத்தம் தானாக எதையும் செய்யவில்லை என்பதுதான் பதில். உறவு தெரிந்த பிறகுதான் பேரமும் திருட்டும் நடக்கின்றன. நாவலில் மிகப் பெரிய தூரத்தைக் கடப்பவள் ரத்த உறவே இல்லாத சோய்லா, யஹைராவின் தாய். காமினோவின் தாய் ஒரு காலத்தில் அவளுடைய நெருங்கிய தோழி; அந்தத் தோழியைத்தான் கணவன் மணந்தான். அந்தப் பெண்ணின் மகளைப் பார்க்கவே விரும்பாமலிருக்க சோய்லாவுக்கு எல்லாக் காரணமும் உண்டு. மகளைத் தேடி வந்தவள், கடைசியில் எல் செரோவின் எதிரே நின்று காமினோவைக் காத்து, அவளை நியூயார்க்குக்கு அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்கிறாள். ரத்த உறவே இல்லாத இன்னொரு நாவலிலும் இதுதான் நடக்கிறது. ஜான் கிரீன் 2012இல் வெளியிட்ட ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ கதையில் புற்றுநோய் உள்ள பிள்ளைகள் தேவாலயத்தில் வட்டமாக உட்கார்ந்து துக்கத்தைப் பகிர்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான ஹேசலுக்கு அந்த வட்டத்தில் அலுப்புதான் மிச்சம். நோயாளிப் பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் அறக்கட்டளையிடம் ஆளுக்கு ஓர் ஆசைதான் கேட்க முடியும். ஹேசல் தன்னுடையதை முன்பே செலவழித்துவிட்டாள். அந்த வட்டத்தில் அவள் சந்தித்த அகஸ்டஸ் தன்னிடம் மிச்சமிருந்த ஒற்றை ஆசையை அவளை ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்துப் போகச் செலவிடுகிறான். காதல் முன்பே துளிர்த்திருந்தாலும் அதற்கு எடை வந்தது அங்கேதான்.

முடிவு சௌகரியமாக வந்துவிடுகிறது என்ற குறை எஞ்சி நிற்கிறது. அதை மறுக்க முடியாது. சகோதரிகளும் சோய்லாவும் நியூயார்க்கில் தரையிறங்கிக் கைதட்டுகிறார்கள். தலைப்பு குறிப்பதும் டொமினிகன் பயணிகளின் அந்த வழக்கத்தைத்தான். விசா வாங்க அலைந்தவர்களுக்கு இந்த வேகம் நம்பும்படி இருக்காது. யானோவின் பொய்க்கும் மகள்களின் பாசத்தால் கொஞ்சம் தள்ளுபடி கிடைத்துவிடுகிறது. ஆனால் அசெவேடோ இந்த மீட்பின் எல்லையை மறைக்கவில்லை. காமினோவின் தோழி கர்லீன் ஹைதிக் குடும்பத்துப் பெண். குறைமாதக் குழந்தையைப் பெற்று வைத்துக்கொண்டு அதே ஊரில்தான் இருக்கிறாள். அவளுக்கும் வறுமை உண்டு, பயம் உண்டு. நியூயார்க்கில் சகோதரிதான் இல்லை. நாவல் அவளைக் காட்டிவிட்டு, காமினோவை விமானத்தில் ஏற்றுகிறது. இது கதையின் பலவீனமா, உண்மையா என்றால் இரண்டும்தான். கையில் இருப்பதைப் பகிர முன்வரும் ஒருவர் கிடைத்தால்தான் அன்னியர் உறவாவார் என்றால், அப்படி ஒருவர் கிடைக்காதவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். அழுகையைப் பங்குபோடுவதோடு நிற்கும் நாவல்களுக்கு இந்தச் சங்கடம் வருவதில்லை. கர்லீனையும் சேர்த்து அழவைத்து அவை முடிந்துவிடும். இளம் வாசகருக்கு எது பயன்படும் என்றால், சங்கடத்தைக் கொடுக்கும் புத்தகம்தான். உன் துக்கம் எனக்குப் புரிகிறது என்று சொல்வதற்கு முன்னால், உன்னிடம் இல்லாத எது என்னிடம் இருக்கிறது என்று கேட்கவேண்டும் என்பதை அது கற்றுக்கொடுக்கிறது.