பல்லுக்குள் இருக்கும் பாதரசம்

உங்கள் கடைவாய்ப் பல்லில் சாம்பல் நிறத்தில் ஓர் அடைப்பு இருக்கிறதா? எனக்கு மூன்று இருக்கின்றன. தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் பல் மிஸ்ஸி வந்து அடைத்துவிட்டுப் போனவை. (அன்று நான் போட்ட கூச்சல் ஆயக்கொட்டகை வரை கேட்டதாம்!)

சென்ற மாதம் என் அண்ணன் மகள் கலங்கிய கண்களோடு வந்து நின்றாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. "அத்தை, என் பல் அடைப்பில் பாதி பாதரசமாமே! குழந்தைக்கு ஆகாதாம். நாளைக்கே எடுத்துவிடப் போகிறேன்" என்றாள்.

பாதி பாதரசம் என்பது மெய்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. மெல்லும்போது துளியளவு ஆவி வெளிவருவதும் மெய்தான். ஆனால், அடைப்பைக் குடைந்து எடுக்கும்போதுதான் ஆவி அதிகமாகக் கிளம்புகிறது. எதற்கு அஞ்சினாளோ அதையே தேடிப் போகவிருந்தாள் பெண்! நல்ல நிலையில் உள்ள அடைப்பைக் கழற்ற வேண்டாம் என்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் அறிவுறுத்தியது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இயன்றவரை புதிதாக அதை வைக்க வேண்டாம் என்றும் சொன்னது.

"பிறகு ஏன் ஐரோப்பாவில் 2025-இல் நிறுத்தினார்கள்?" என்று மடக்கினாள். கழிவோடு ஆற்றிலும் கடலிலும் சேர்ந்து, மீன் வழியாக நம்மிடமே திரும்பும் பாதரசத்தைக் குறைக்கத்தான் என்றேன்.

மறுநாள் இருவருமாகப் பல் மருத்துவரிடம் போனோம். கண்ணாடி வைத்துப் பார்த்தார். விரிசல் இல்லை, தொட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் கேட்டாள்: "உங்கள் மூன்று, அத்தை?"

"முப்பத்தைந்து வருடமாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றேன்.