முழுக்கோடும் புள்ளிக்கோடும்

இரண்டு வகைப் பாறைகள் சந்திக்கும் எல்லையைப் படத்தில் காட்ட ஜியாலஜிஸ்டுகளான எங்களுக்கு மூன்று விதக் கோடுகள் உண்டு. எல்லையைக் கண்ணால் பார்த்திருந்தால் முழுக்கோடு. அக்கம்பக்கத்து அறிகுறிகளை வைத்து ஊகித்தால் விட்டுவிட்டுப் போகும் கோடு. மண்ணோ வண்டலோ மூடிக் கிடந்தால் புள்ளிக்கோடு. ஒரு ஜியாலஜிஸ்டின் படத்தை யாராவது நீட்டினால், அதில் முழுக்கோடு எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பேன். மிதமிஞ்சி இருந்தால் ஆளைக் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

நம் சமவெளியில் பாறை தலைகாட்டுவதே அபூர்வம். வயல், ஏரி, சீமைக் கருவேலம் என்று எல்லாம் மூடியிருக்கும். அங்கே கைகொடுப்பது கிணறு. தோண்டியதையெல்லாம் பக்கத்திலேயே மேடாகக் கொட்டியிருப்பார்கள். மேட்டின் உச்சியில் கிடக்கும் கல் கிணற்றின் அடியிலிருந்து வந்தது. வெட்டிய ஆள் ஊரில் இருந்துவிட்டால் யோகம்தான். "பத்தடிக்குச் சுக்கான். அப்புறம் வெங்கச்சங்கல்லு ஓடிச்சு. அதுக்குக் கீழ வெடி வைக்காம நகரல சார்" என்பார். அப்படியே நோட்டில் ஏற்றிக்கொள்வேன், அங்கேயே நின்று. ராத்திரி டென்டில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், பார்த்ததும் நினைத்ததும் கலந்துவிடும். விடைபெறும்போது அவர் தவறாமல் கேட்பார்: "தங்கம் கிங்கம் இருக்கா சார்?"

படுகைப் பாறையில் வேலை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாதபோது பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விடுவேன். ஓடுகிற திசைதான் சாய்வுத் திசை. அதற்குச் செங்குத்தாக காம்பஸைப் படியவைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை காத்திருந்து திசையைக் குறிக்க வேண்டும். சுத்தியலைத் தள்ளி வைக்காவிட்டால் முள் பொய் சொல்லும். சேலம் கஞ்சமலையில் சுத்தியலே வேண்டாம், மலையே அந்த வேலையைச் செய்துவிடும். அது காந்த இரும்புத்தாது ஓடும் மலை. அங்கே முள்ளை நம்பாமல், தூரத்தில் தெரியும் குன்றுகளையும் டோப்போ ஷீட்டையும் வைத்துத்தான் திசை பிடிக்க வேண்டும்.

எங்கள் ஃபீல்ட் சீசன் மழை ஓய்ந்து தொடங்கி வெயில் உச்சத்துக்கு வரும்வரை. பொங்கலும் பிள்ளைகளின் பரீட்சையும் சரியாக அதற்குள் விழும். "எப்ப வருவீங்க?" என்று மனைவி கேட்டால், "அனேகமா வெள்ளிக்கிழமை" என்பேன். "உங்க புள்ளிக்கோட்டையெல்லாம் படத்தோட வெச்சுக்குங்க. வருவீங்களா, மாட்டீங்களா?" என்பாள். காய்ச்சல், கட்டணம், வீட்டுக்காரரோடு தகராறு எல்லாவற்றையும் தனியாகவே சமாளித்தவளுக்கு அப்படிக் கேட்க உரிமை இருந்தது. வெள்ளி என்று சொல்லிவிட்டால் லாரி பிடித்தாவது போய்விடப் பழகிக்கொண்டேன்.

அரையாண்டு விடுமுறையில் அவர்களை கேம்ப்புக்கே அழைத்துக்கொண்டதும் உண்டு. அப்போது அரியலூர்ப் பக்கம் வேலை. ஹென்றி பிளான்ஃபோர்ட் 1860-களில் விவரித்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்த கடற்படிவுகள் அவை. காரை கிராமத்தையொட்டி மழை அரித்த களிமண் ஓடைகளில் ஜிப்சம் மின்னும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. கணவாய்மீனின் பழங்கால உறவான பெலம்னைட்டின் உள்ளோடு அங்கே நிறையக் கிடக்கும். என் மகள் ஒன்றைப் பொறுக்கி, "அப்பா, யாரோ பல்பத்தைப் போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள். பல்பமேதான்: விரல் நீளம், ஒரு முனை கூர். உடைந்த பக்கத்தைக் கைலென்ஸில் காட்டினேன். நடுவிலிருந்து ஆரம்போல விரியும் கால்சைட் படிகம். ஆசிட் சொட்டு விட்டதும் அது நுரைத்ததில்தான் அவளுக்கு முழு மகிழ்ச்சி. சாத்தனூர்க் கல்மரத்தையும் காட்டினேன், சுமார் 18 மீட்டர் நீளம். அதை 1940-இல் பதிவுசெய்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். மகளுக்கு மரத்தைவிடப் பல்பம்தான் பெரிது.

கோயிலுக்குப் போனாலும் என் கண் தூணில்தான் நிற்கும். எண்ணெய் பூசியதுபோல் கருநீலச் சாயலில் மினுங்கினால் அது பெரும்பாலும் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை அந்தக் கல்லில் ஆனது. அதனால்தான் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயர் சூட்டினார். நம் பல்லாவரம், பரங்கிமலைக் கல்தான் அது. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் வீட்டார் மூன்றாவது சுற்றை முடித்திருப்பார்கள்.

இப்போது ஓய்வு. குடியிருப்பில் போர்வெல் போட இடம் காட்டச் சொன்னார்கள். சுற்றிப் பார்த்து, பக்கத்துக் கிணறுகளை விசாரித்து, "இந்த மூலையில் பிளவு இருக்க வாய்ப்பு அதிகம், உறுதி சொல்ல முடியாது" என்றேன். மறுநாள் உள்ளங்கையில் தேங்காயோடு ஒருவர் வந்தார். தேங்காய் நிமிர்ந்தது, "இங்கதான், இருநூறு அடி" என்றார். முழுக்கோடு. சங்கத்தில் எல்லாரும் அவருக்கே கை தூக்கினார்கள், என் மனைவி உள்பட.