விட்டுவந்த மீன்கள்



ஆண்டிறுதி விடுமுறையில் மேசையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். மாணவர்களின் கட்டுரை ஏடுகளுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. அதற்குள் கடந்த ஓராண்டில் நான் கட்டிய பொய் ஈக்கள் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன்; 41 இருந்தன. கட்டியவை நூற்றுக்கும் மேலிருக்கும். மற்றவை மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் போயின. சில என் திறமையின்மையால் நூல் பிரிந்து போயின. அந்த டின்னை முன்னால் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ஃபிளை ஃபிஷிங் என்பார்கள். நான் எனக்குள் 'ஈத்தூண்டில்' என்று பெயரிட்டுக்கொண்டேன். தமிழறிந்த நண்பர்கள் இதனினும் நல்ல சொல் தந்தால் மகிழ்வுடன் ஏற்றுக்கொள்வேன். மற்றத் தூண்டில்களில் ஈயக் குண்டின் எடையோ இரையின் எடையோ தங்கூசியை இழுத்துச் செல்லும். இங்கே முனையில் இருப்பதோ இறகும் நூலும். அதற்கு எடையே இல்லை. ஆகவே, கயிற்றையே தடிமனாகச் செய்திருக்கிறார்கள். கோலை வீசும்போது கயிற்றின் எடைதான் ஈயைச் சுமந்து செல்கிறது. கோலைப் பின்னால் வீசி, கயிறு முழுவதும் பின்புறம் நீளும் வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீசவேண்டும். அந்த ஒரு கணப் பொறுமை எனக்கு வர மூன்று மாதங்கள் ஆயின. இருபத்திரண்டு ஆண்டுகளாக "அவசரப்படாமல் எழுது" என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தவன் நான்.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவின் ஆற்றங்கரை மக்கள் கொக்கியில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவல் இறகு இரண்டைக் கட்டி மீன்பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு நூல் பன்னிரண்டு வகை ஈக்களைக் கட்டும் முறையைச் சொல்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படைப் பொருள்கள் மாறவில்லை: ஒரு கொக்கி, கொஞ்சம் நூல், சேவலின் கழுத்திறகு.

சேவல் இறகுக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. அப்பா வளர்க்கும் செஞ்சேவல் கொல்லையிலேயே இருந்தது. சிக்கல் அப்பாவிடம்தான்.

அப்பாவுக்கு வயது 78. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர். விடியுமுன் மரத்துக்குப் போய், நண்பகலில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் மூங்கில் கோலும் மண்புழுவுமாக ஓடைக்குப் போவார். மாதக் கடைசியில் கடைக்காரர் கடன் தர முகம் சுளிக்கும் நாள்களில், அவர் கொண்டுவரும் கெளுத்தியும் ஆருவானும்தான் எங்கள் வீட்டுக் குழம்பு. ஐந்து பிள்ளைகளும் அம்மீனைத் தின்றுதான் வளர்ந்தோம். அப்படிப்பட்டவரிடம், பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவேன் என்று சொன்னேன். சற்று நேரம் என்னையே பார்த்தார்.

"வயித்துக்கு ஆவாத மீன எதுக்கு நோவடிக்கிற? நான் புடிச்ச மீனுக்கு ஒரு நியாயம் இருந்திச்சு. ஒன் மீனுக்கு என்னா நியாயம்?"

எனக்கு விடை தெரியவில்லை. இந்த ஓராண்டுப் பயணமெல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு போனதுதான்.

மயிலிறகும் சேவலிறகும்

தைப்பூசம் முடிந்த வாரத்தில் கட்டத் தொடங்கினேன். ஈக்களின் உடலுக்கு மயில்தோகையின் மெல்லிய இழைகள் மிகவும் ஏற்றவை. நீரில் நனைந்தால் பச்சையும் செம்பும் கலந்து, வண்டின் முதுகுபோல் மின்னும். வீட்டில் காவடி பிரித்தபோது எடுத்துவைத்த தோகைகள் இருந்தன. கைவைக்கப் போனேன். "முருகனுக்கு எடுத்த காவடி எறகத் தூண்டில்லயா கட்டப் போறீங்க?" என்று மனைவி கேட்டார். அவர் கேட்டதே சரி. மறுநாள் ஈப்போவில் பூசைப்பொருள் விற்கும் கடையொன்றில் புதிதாக வாங்கிக்கொண்டேன். மினுமினுப்புக்கு மட்டும் அவருடைய பழைய சேலையிலிருந்து இரண்டு முழச் சரிகை நூல் கிடைத்தது. முடிச்சை இறுக்கிய பின் பூசுவதற்கு மகளின் நகப்பூச்சு.

சிறிய இடுக்கியில் கொக்கியைப் பொருத்தி, நூலைச் சுற்றி, வால்வைத்து, மயிலிழையை உடலாகச் சுற்றி, சேவலிறகை அதன்மேல் இடைவெளிவிட்டு வளைத்துவர வேண்டும். எனக்கோ நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் அப்பா பின்னால் வந்து நின்றார். "கையில பலம் காட்டாத. உளி மரத்துல போற மாதிரி போவணும்" என்றார்.

பால்வெட்டு என்பது பட்டையை மெல்லியதாகச் சீவுவது. ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் உள்மரத்தில் காயம் பட்டு, அவ்விடத்தில் நல்ல பட்டை மறுபடி வளராது. காயம் வைத்த மரத்தை மண்டோர் பார்த்துவிட்டால் ஏச்சு நிச்சயம். அப்பா ஏச்சு வாங்கியதே இல்லை என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அன்று மாலை அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு ஈக்களைக் கட்டினார். கண்புரை அறுவைக்குப் பின் கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டிருந்தார். நூல் ஒருமுறைகூட அறவில்லை. கட்டி முடித்ததும் "பூச்சி மாதிரியே இல்ல" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் பார்க்க, கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கினேன். எதிர்முள் இல்லையென்றால் மீன்வாயைக் கிழிக்காமல் கொக்கியைக் கழற்றிவிடலாம் என்று விளக்கினேன். "காயம் வக்காம வெட்டுறது" என்று தலையசைத்தார். பிறகு சொன்னார்: "ஆனா மரம் பால் குடுத்திச்சு."

கென்யிர்

ஆண்டின் நடுவில் திரங்கானுவின் கென்யிர் ஏரிக்குப் போனேன். 1985-இல் அணைகட்டி முடிந்து காடு மூழ்கியபோது, குன்றுச்சிகரங்களெல்லாம் 340 தீவுகளாயின. பட்டமரங்கள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன. அங்கே தோமான் என்னும் மீன், நம் விரால் இனத்தில் மிகப் பெரியவற்றுள் ஒன்று, மரநிழலில் வாழ்கிறது.

மூன்றாம் நாள் காலை படகோட்டி கைகாட்டினார். அசைவற்ற நீரில் ஓரிடத்தில் மட்டும் மழைத்தூறல் விழுவதுபோல் சிறு வட்டங்கள். தோமான் குஞ்சுகள். அவை நீருக்கு மேல் வந்துதான் காற்று வாங்கவேண்டும். நூற்றுக்கணக்கான செந்நிறக் குஞ்சுகள் ஒரே பந்தாகத் திரிய, தாயும் தந்தையும் கீழிருந்து காவல் காக்கும். அந்தப் பந்தின் நடுவே எதை வீசினாலும் பெற்றமீன் பாய்ந்து கடிக்கும், பசியினால் அன்று.

இரண்டு நாள்களாக ஒன்றும் கிட்டாத ஏமாற்றத்தில் வீசினேன். நீர் வெடித்தது. கோல் வளைந்தது. கால்மணி நேரத்துக்குப் பிறகு என் கைநீளத்துக்கும் மேலான ஒரு மீன் படகோரம் வந்தது. கையை நனைத்துக்கொண்டு, நீரைவிட்டுத் தூக்காமல், கொக்கியைக் கழற்றி விட்டேன். எல்லாம் முறைப்படிதான். நிமிர்ந்து பார்த்தபோது தூறல் வட்டங்கள் நாற்புறமும் சிதறியிருந்தன. அவற்றினூடே வேறு மீன்கள் சளக் சளக்கென்று எழும்பிக்கொண்டிருந்தன. காவல் கலைந்த வேளையில் அவற்றுக்கு விருந்து.

சூது என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், சூதாடி பெறும் வெற்றியைத் தூண்டில் இரும்பை இரையென்று மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறார். அதைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். விழுங்கியது யார் என்பது அன்றுதான் விளங்கியது. மீனை விட்டுவிட்டேன் என்பதனால் தீங்கே செய்யவில்லை என்று ஆகிவிடாது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அதன்பின் குஞ்சுகாக்கும் மீனின்மேல் நான் தூண்டில் வீசியதில்லை.

தெமெங்கோர்

செப்டம்பரில் வடபேராக் சென்றேன். கிரிக்கைக் கடந்து பூலாவ் பண்டிங்கில் படகேறி, தெமெங்கோர் ஏரியில் வந்து கலக்கும் ஆறொன்றில் நடந்தோம். வழிகாட்டி ஜஹாய்ப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் நின்றால் நாங்களும் நிற்பதுதான் முறை.

அங்கே நான் தேடிச் சென்றது கெலா. பொன்னும் செம்மையுமான பெருஞ்செதில்கள் கொண்ட, தெளிந்து ஓடும் ஆறுகளில் வாழும், மெதுவாக வளரும் மீன். காவிரியில் வாழும் திமில்முதுகுக் கெண்டையும் இதே பேரினம்தான். 2018-இல்தான் அதற்கு உரிய அறிவியல் பெயர் எதுவென்று உறுதியாயிற்று. அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிட்டது. பெயர் தெளிவாகும் முன்பே ஒரு மீன் அழிந்துபோகும் நிலைக்கு வந்திருக்கிறது. கெலாவை ஏன் விட்டுவிட வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

அப்பா கட்டிய ஈயை முதலில் வீசினேன். பாறைநிழலிலிருந்து ஒரு கெலா வந்தது. ஈயின் பின்னாலேயே இரண்டு முழம் வந்து, பார்த்து, திரும்பிப் போய்விட்டது. மறுவீச்சில் பின்புறக் கணத்தைப் பொறுக்காமல் அவசரப்பட்டேன். ஈ எட்டாத கிளையில் மாட்டிக்கொண்டது. வழிகாட்டி சிரித்தார். ஆண்டு முழுவதும் தொலைத்த ஈக்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் மனம் வருந்தினேன்.

பிற்பகலில், கரையோர ஆரா மரத்தின் கீழ் நின்றோம். அது நம் அத்தியின் உறவு. பழம் உதிரும் இடத்தில் கெலா காத்திருக்கும். செந்நிற நுரைப்பஞ்சில் நான் பழம்போல் செய்த ஒன்றை 'சொத்'தென்று விழச்செய்தேன். இந்த முறை ஒன்று கடித்தது. இரண்டு கிலோ இருக்கலாம். விட்டபின் அது என் முழங்காலருகே சற்று நின்று, பிறகுதான் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றிருந்தேன். அன்று மறுபடி வீசவில்லை.

ஈயக்குட்டை

டிசம்பரில் அப்பாவே, "நானும் வரேன்" என்றார். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பழங்குட்டை ஒன்றுக்கு மடக்கு நாற்காலியுடன் சென்றோம். அங்கே பீக்காக் பாஸ் நிறைய உண்டு. வாலில் மயிலிறகுக் கண்போன்ற புள்ளி இருப்பதால் அப்பெயர். அமேசான் பகுதி மீன் அது. மனிதர் கொண்டுவந்து விட்டதனால் நம் குட்டைகளில் பெருகி, இவ்வூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன்.

அவர் கட்டிய இரண்டாவது ஈயை முடிந்தேன். ஏழெட்டு வீச்சுக்குப் பின் ஒன்று அகப்பட்டது. ஒரு கிலோ இருக்கும். வழக்கம்போல் கொக்கியைக் கழற்றி, விடக் குனிந்தேன்.

"இத ஏன் வுடுற? இந்த ஊரு மீனத் திங்கிற மீனுன்னு நீதான சொன்ன?"

ஓராண்டில் முதன்முறையாக மீனுடன் வீடு திரும்பினேன். மனைவி புளிபோட்டுக் குழம்பு வைத்தார். அப்பா முள்ளைப் பொறுக்கிப் பொறுக்கி நிதானமாகச் சாப்பிட்டார். "ஆருவான் ருசி இல்ல" என்றார். ஆனால், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

அவருடைய கேள்விக்கு முழு விடை இன்னும் என்னிடம் இல்லை. எதை விடவேண்டும், எதைக் கொண்டுவரலாம், எதன்மேல் வீசவே கூடாது என்னும் மூன்றையும் இவ்வாண்டு ஓரளவு கற்றேன். மீன் எனக்கு என்ன கொடுத்தது என்று அவர் மறுபடி கேட்டால், அன்று முழங்காலருகே நின்ற கெலாவைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அது போதுமான விடையா என்று தெரியவில்லை.

நேற்று மாலை, செஞ்சேவலின் கழுத்திறகு நான்கை அப்பா என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். டின்னுக்குள் எடுத்து வைத்தேன்.